பின் கதவில் ஒரு சத்தம்

அந்தக் காருக்குக் கிலுகிலுப்பை என்று பெயர் வைத்தவன் நான்தான். கல்முனையில் என் ரேடியோக் கடைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு நாள் காலை அதைச் சொன்னேன். பின்னேரத்துக்குள் அந்தப் பெயர் சாய்ந்தமருது வரை போய்விட்டது. கார் என் சகலனுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலி மட்டும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மாமாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குப் பழைய ஓட்டு வீட்டைக் கொடுத்து என்னை எடுத்தார். இரண்டாமவளுக்கு அதே வளவில் புது வீடு கட்டிக் கொடுத்துச் சகலனை எடுத்தார். ஒரே வளவுக்குள் இரண்டு மருமக்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மாமா வயலுக்குப் போகுமுன் இரண்டு முற்றத்தையும் ஒரு தரம் பார்ப்பார். என் முற்றத்தில் அவர் கண் நின்றதே இல்லை. நான் கடை திறந்து எட்டு வருடமாகியும் அவர் ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. யாராவது கேட்டால், "மூத்த மருமகன் ரேடியோவோட இரிக்கிறார்" என்பார். வேலை இல்லாத ஆளைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும்.

சகலன் வாப்பா இல்லாத பிள்ளை. அவருடைய கலியாணத்துக்கு அவர் நடந்துதான் வந்தார். அன்றைக்கு மாரி மழை. வெள்ளைச் சாரன் முழங்கால் வரை சேறாகி, ஒரு செருப்பை வழியில் தொலைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். குரவை போட நின்ற பெண்கள் குரவையை மறந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் சவூதிக்குப் போனார். மூன்று வருடம் கழித்து வந்தபோது மற்றவர்கள் கொண்டுவருகிற கம்பளியும் அத்தரும் இருந்தன. அவற்றோடு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டும் ஒரு அம்ப்ளிபயரும் வந்தன. மட்டக்களப்பில் ஒரு பழைய இங்கிலீசுக் கார் வாங்கினார். இப்போது பிள்ளைகள் சப்வூஃபர் என்று சொல்வதை அன்று நாங்கள் பேஸ் பெட்டி என்போம். பெட்டியை டிக்கியில் வைத்து முதல் பாட்டைப் போட்டார். பாட்டு கேட்கவில்லை. கதவு கேட்டது, கண்ணாடி கேட்டது, நம்பர் தகடு கேட்டது. தகரக் கடையொன்றை யாரோ உருட்டிக்கொண்டு போவது போல அந்தக் கார் பெரிய றோட்டில் போயிற்று. நான் பெயர் வைத்தது அப்போதுதான்.

ஆனால் மாமா அந்தக் காரில் ஏறினார். என் கடை வாசலைத் தாண்டி, முன் சீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எந்தச் சொல்லாலும் பூசி மெழுகப் போவதில்லை.

மாமாவின் மூன்றாவது மகளுக்கு, என் சின்ன மச்சிக்கு, கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மருதமுனை. அவரைப் பெண் வீட்டுக்கு அழைத்து வருகிற காரைப் பற்றிக் கதை வந்தபோது சகலன் எழும்பி நின்றார்.

"மாப்பிள்ளைய நம்மட காரிலதான் கூட்டி வரணும் மாமா. பாட்டுப் போட்டுக் கூட்டி வருவம்."

மாமா தாடியைத் தடவினார். "கூட்டி வரலாம் மருமகன். இந்தத் தகரச் சத்தத்தோட மருதமுனைக்குப் போனா அவங்க என்ன நினைப்பாங்க? சத்தத்த நிப்பாட்டிக் காட்டுங்க. இல்லாட்டி வேற கார் பாப்பம்."

அன்று பின்னேரமே சகலன் காரோடு என் கடைக்கு வந்தார். நான் வைத்த பெயர் அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. ஆனாலும் அண்ணனைக் கூப்பிடுவது போல எப்போதும் கூப்பிடுகிற காக்கா என்ற முறையை அவர் விடவில்லை.

"காக்கா, ஒங்களுக்குத்தான் இந்த வேல தெரியும். இந்த ஒரு கலியாணத்துக்கு இத சரியாக்கித் தாங்க. நான் நடந்து வந்த றோட்டால அந்த மாப்பிள்ளைய நான் காரில கொண்டு வரணும்."

வேலையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சத்தத்தைக் காதால் தேடுகிறவன் முட்டாள். காது எப்போதும் பொய்யான இடத்தைத்தான் காட்டும். கையால் தேட வேண்டும். எஞ்ஜினை நிறுத்திவிட்டு, றபான் மேளம் அடிக்கிற பாட்டொன்றைப் போட்டு, ஒவ்வொரு தகட்டிலும் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியதும் எந்த இடத்தில் சத்தம் அடங்குகிறதோ அதுதான் இடம். உரத்ததை முதலில் அடக்க வேண்டும். அது அடங்கியதும் அதற்குக் கீழே ஒளிந்திருந்தது வெளியே வரும்.

பெட்டியிலிருந்து தொடங்கினேன். பலகை மெல்லிசு. உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து, பொருத்துகளில் பசையோடு மரத்தூள் குழைத்து அடைத்து, தும்பு நிரப்பி, அடியில் ரப்பர் கொடுத்துத் தரையோடு முடுக்கினேன். நம்பர் தகட்டுக்குப் பின்னால் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். ஜாக்கியையும் நட்டு முடுக்குகிற சாவிகளையும் சாக்கில் சுற்றிக் கட்டினேன். டிக்கி மூடியின் பூட்டை ஒரு நூல் இறக்கினேன். கதவு அட்டைகளைக் கழற்றி, கிளிப்புக்குக் கிளிப்பு ரப்பர் போட்டேன். றோட்டு வேலைக்காரரிடம் கொஞ்சம் தார் வாங்கிச் சூடாக்கி, கதவுத் தகட்டின் உள்பக்கம் சாக்கை வைத்து ஒட்டினேன். கதவின் அடியை மட்டும் விட்டேன். அங்கே மழைத் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைத்தால் ஒரே மாரியில் கதவு உக்கிப் போகும்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள் வேலை. அவர் பின் சீட்டில் படுத்துக்கொண்டு, கூரையில் காலையும் கதவில் கையையும் வைத்து, "இஞ்ச காக்கா, இஞ்ச அதிருது" என்பார். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று கிழமையும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. கடைசியில் பாட்டைப் போட்டபோது கார் வாயைத் திறக்கவில்லை. பேஸ் மட்டும் சீட்டுக்குள்ளால் வந்து முதுகில் தட்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

காரை வளவுக்குக் கொண்டுபோனோம். மாமா வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், பாட்டைக் கேட்டார். பிறகு சகலனின் தோளில் கை போட்டார்.

"கெட்டிக்காரன். நினைச்சத முடிச்சிட்டீங்க."

"காக்காதான் மாமா எல்லாம் செஞ்ச."

மாமா என் பக்கம் திரும்பினார். என் கையில் தார் இன்னும் போகவில்லை. "டியூப் ஒட்டின வேலதானே," என்றார்.

என் மனைவி வேலிக்கு அப்பால் நின்று அதைக் கேட்டாள். இரவு சோறு வைக்கும்போது அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் வாப்பாவின் பகிடி அவளுக்கு எப்போதும் பிடிக்கும். நான் சோற்றைத் தின்று முடித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சகலன் கடைக்கு வந்தார். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. அஸருக்குப் பாங்கு சொன்னது. காரை வாசலில் விட்டு, பூட்டி, திறப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "வாங்க காக்கா, தொழுதிட்டு வருவம்" என்றார். கையில் வேலை இருக்கிறது என்றேன். அவர் போனார். நான் மேசை லாச்சியைத் திறந்தேன்.

என்னிடம் பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றிய பித்தளை நட்டுகள் ஒரு டின் நிறைய இருந்தன. இரும்பு நட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் ஊர்க் கடல் காற்றில் இரும்பு நட்டு பத்து நாளில் துருப்பிடித்துக் கதவோடு ஒட்டிவிடும், பிறகு சத்தம் வராது. பித்தளை அப்படி ஒட்டாது, எத்தனை நாளும் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பித்தளை நட்டை எடுத்துப் போய், வலப்பக்கப் பின் கதவின் கண்ணாடி இடுக்கால் உள்ளே போட்டேன். நான் தார் பூசாமல் விட்ட அடியில் போய் அது விழுந்த சத்தம் கேட்டது. தொழுதுவிட்டு வந்தவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாளே ஓடி வந்தார்.

"காக்கா, திரும்ப வந்திட்டு. முழுப் பாட்டுக்கும் இல்ல. பேஸ் நல்லா எறங்கக்குள்ள மட்டும் ஒரு கிர்ரெண்ட சத்தம். பின்னுக்கு."

நானும் ஏறி உட்கார்ந்து கேட்டேன். காதைச் சாய்த்தேன், கண்ணை மூடினேன். "பின்னுக்கில்ல தம்பி, ஒங்கட காது ஏமாத்துது. டாஷ்போட்டுக்குள்ள," என்றேன். அவர் டாஷ்போட்டை முழுவதும் கழற்றினார். அங்கே இல்லை. கூரைத் துணியாக இருக்கும் என்றேன். அதை உரித்தார். சீட்டுக் கம்பியாக இருக்கும் என்றேன். சீட்டுகளை இறக்கி, கம்பிக்குக் கம்பி பழந்துணி சுற்றினார். நட்டு தானும் ஒத்துழைத்தது. கதவை அடித்து மூடினால் மூலைக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும். அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவார், சத்தம் போய்விட்டது என்று. மறுநாள் சந்தியில் பத்துப் பேர் பார்க்கக் கிர்ரென்னும்.

எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் தகரத்தோடு தகரமாகக் கிடப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. காரை வாடகைக்கு ஹயர் ஓட்டுவதை விட்டார். தாடி சிரைப்பதை விட்டார். அவர் மனைவி, என் மச்சி, சோற்றுக் கோப்பையோடு காருக்குப் பக்கத்தில் நின்று, "வந்து தின்னுங்களன்" என்று அழுவாள். அவர் கதவுத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாத, கேக்குது" என்பார். தேத்தண்ணிக் கடையில் நான் அதை நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் ஏன் கதவைத் திரும்பக் கழற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கதவுகளை நான் முடித்துக் கொடுத்திருந்தேன். காக்கா முடித்துக் கொடுத்ததைத் திறந்து பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அதையும் நான் முன்னமே தெரிந்து வைத்திருந்தேன்.

கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாமா காரில் ஏறினார். பின் சீட்டில், வலப்பக்கம். என்னையும் பக்கத்தில் ஏறச் சொன்னார். காரைதீவு வரை போய்த் திரும்புவது என்று கதை. சகலன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாட்டைப் போட்டார். போகும்போது ஒன்றுமில்லை. கண்ணாடியில் அவர் முகம் மெல்ல மெல்ல மலர்வதைப் பார்த்தேன். காரைதீவில் மாமா இறங்கி ஒரு வெற்றிலை வாங்கினார். ஏறும்போது கதவைப் பலமாக அடித்துச் சாத்தினார். நட்டு நடுவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி வருகிற வழி முழுக்க மாமாவின் முழங்கைக்குக் கீழே அது கத்திக்கொண்டே வந்தது.

வளவில் இறங்கியதும் மாமா சொன்னார். "வேற கார் சொல்லியிரிக்கன். நீங்க மனத்தாங்கல் படாதீங்க மருமகன். ஆளாளுக்கு ஏலுமான வேலதான் செய்யணும்."

சகலன் காரிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அப்போதும் கதவைக் கழற்ற அரை மணித்தியாலம் போதும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் போனேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை யாரோ ஒருவரின் காரில் வந்து இறங்கினார். பெண்கள் குரவை போட்டார்கள். சகலனை முற்றத்தில் காணவில்லை. காலையிலிருந்து அவர் வளவின் பின்பக்கம் காரோடு இருக்கிறார் என்று என் மனைவி சொன்னாள். நிக்காஹ் காவின் எழுதி முடிந்து சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் குளித்து, உடுத்து, அத்தர் பூசி வந்தார். எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் விருந்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, தன் தன் பக்கத்துச் சோற்றைத் தின்ன வேண்டும். நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளி வைப்பது மரியாதை. எங்கள் சஹனில் மாமா, நான், சகலன், மருதமுனையிலிருந்து வந்த மூன்று பெரியவர்கள். சகலன் ஒரு துண்டைப் பிய்த்து மாமாவுக்கு வைத்தார். பெரியவர்களுக்கு வைத்தார். பிறகு நெய்ச்சோற்றோடு சேர்த்து உருட்டிய ஒரு கொழுத்த துண்டை என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க காக்கா. எனக்காக எவ்வளவோ பாடுபட்டிருக்கீங்க."

வாயில் போட்டுக் கடித்தேன். பல் இரும்பில் பட்டது போலிருந்தது. இரும்பில்லை என்று நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. பித்தளையின் ருசி எனக்குத் தெரியும். வேலை செய்யும்போது நட்டுகளை வாயில் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். "என்ன மருமகன்?"

நான் வாயைத் திறக்க முடியாமல் இருந்தேன். சகலன் சொன்னார், "எலும்பு மாமா. காக்காட பல்லுல பட்டிட்டு."

"துப்புங்களன்," என்றார் ஒரு பெரியவர்.

எதைத் துப்புவது, எங்கே துப்புவது? பொதுத் தட்டுக்கு முன்னால், சம்பந்தி வீட்டாருக்கு நடுவில், என் ரேடியோக் கடை நட்டையா? தலையை ஆட்டிவிட்டு அதைக் கடைவாய்க்கு ஒதுக்கினேன். அதன் மேல் சோற்றைத் தின்றேன். இறைச்சி ஆணம் வந்தது, தின்றேன். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. சகலன் பெரிய துண்டாக வெட்டி என் பக்கம் வைத்தார். அதையும் தின்றேன். பெரியவர்கள் கலியாணக் கதை கேட்டார்கள். ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையையே ஆட்டினேன். மூத்த மருமகன் அடக்கமான ஆள் என்று மருதமுனையில் சொன்னார்களாம்.

கை கழுவுகிற இடத்தில் அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"பித்தள எண்டா துருப்பிடிக்காது, என்ன காக்கா?"

அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மச்சி வேலியைப் பிய்த்து என் தலையில் அடித்திருப்பாள். அவர் சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று ஒரு கிழமை நான் சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை காலை கார் என் கடை வாசலில் வந்து நின்றது.

"காக்கா, பின் கதவில ஒரு சத்தம் கேக்குது. பாத்துத் தாங்க."

தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். றோட்டோரப் புழுதியில் முழங்காலில் இருந்து கதவு அட்டையைக் கழற்றினேன். கையை உள்ளே விட்டு, அடி முழுக்கத் தடவினேன்.

"ஒண்டுமில்ல தம்பி."

"நல்லாப் பாருங்க காக்கா."

திரும்பவும் தடவினேன். அட்டையைப் பூட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஆறு மாதம் போல, ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தார். கார் இப்போது அந்தக் கரையிலேயே அமைதியான காராக இருந்தது. அதன் முன்னால் நான் முழங்காலில் இருந்தேன். தேத்தண்ணிக் கடையில் எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை எழுதும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை.

பிறகு அவருக்குத் திரும்பவும் சவூதி விசா கிடைத்தது. போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார். நான் பெரிய மூச்சொன்று விட்டேன். காரை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

வந்த சனிக்கிழமை கார் என் கடை வாசலில் நின்றது. யாரோ டிரைவர் ஓட்டி வந்திருந்தார். பின் சீட்டிலிருந்து மாமா இறங்கினார். என் கடைக்குள் வந்தார். எட்டு வருடம், அதற்கு மேலும் நான் அவருக்காகத் துடைத்து வைத்திருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது மருமகன் சொல்லிட்டுப் போன. பின் கதவில சத்தம் வந்தா ஒங்கக்கிட்டக் காட்டட்டாம். ஒங்களுக்குத்தான் அது தெரியுமாம்."

நான் போய் முழங்காலில் இருந்தேன். அட்டையைக் கழற்றினேன், கையை உள்ளே விட்டேன். நான் பூசிய தார் அப்படியே இருந்தது. அடியில் கொஞ்சம் மணல் மட்டும் இருந்தது.

"ஒண்டுமில்ல மாமா," என்றேன்.

அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நட்டைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததா இல்லையா என்பதை அவர் மௌத்தாகி அடக்கமாகும் வரை நான் கேட்கவில்லை.

"நல்லாப் பாருங்க மருமகன்," என்றார்.